ஒன்பதாம் கிழமை

2025 ஜனவரி 11

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். நீங்களும் உம்மா, வாப்பாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். உம்மாவின் முழங்கால் நோவு குறைந்ததா?

துண்டு துண்டாக மெசேஜ் அனுப்பாதே, தாளில் முழுக் கடிதமாக எழுதிப் படம் பிடித்து அனுப்பு என்று கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வைத்துச் சொன்னீர்கள். அதன்படியே எழுதுகிறேன். உம்மாவோடும் வாப்பாவோடும் போனில் ஐந்து நிமிடம் கதைத்தால் எல்லாம் முடிந்துவிடும். காது கேளாத உங்களுக்குத்தான் நான் சிறு வயதிலிருந்தே எல்லாவற்றையும் எழுதிக் காட்டிப் பழகியவள். ரத்மலானையில் பறக்கப் படித்த காலத்திலும், லைசன்ஸை வைத்துக்கொண்டு மூன்று வருடம் வேலைக்காகக் காத்திருந்த காலத்திலும், உங்களுக்கு எழுதினால்தான் அந்த நாள் எனக்கு முடிந்த மாதிரி இருக்கும்.

இந்த வெளிநாட்டு விமானக் கொம்பனியில் முதல் கிழமை முடிந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் பதினான்கு பேர். பெண்கள் மூவர். சீருடைக்கு அளவெடுத்தவர் நான் கேட்காமலே தலைத்துணிக்கும் அளவெடுத்தார். மனம் நிறைந்துவிட்டது.

உங்களுக்குத் திகதி சொல்லாவிட்டால் நித்திரை வராதே. கேளுங்கள். முதல் இரண்டு கிழமை கொம்பனியின் சட்டதிட்டங்கள். அடுத்த மூன்று கிழமை விமானத்தின் உள்விஷயங்கள், அதாவது மின்சாரம், எரிபொருள், இயந்திரம். அதற்குப் பரீட்சை உண்டு. பிறகு இரண்டு கிழமை அசையாத மாதிரி விமானி அறையில் கைப்பழக்கம். எட்டாம் கிழமை சிமியுலேட்டர் தொடங்கும். அது கால் முளைத்த பெரிய பெட்டி. உள்ளே போனால் அசல் விமானம் போலவே ஆடும், குலுங்கும். பன்னிரண்டாம் கிழமை அதிலே பரீட்சை. தேறினால் பயணிகள் இல்லாத வெறும் விமானத்தை ஆறு தடவை ஏற்றி இறக்க வேண்டும். அதன் பிறகுதான் பயணிகளோடு, பயிற்சி கொடுக்கும் கப்டனின் பக்கத்தில் இரண்டு மாதம். கடைசிப் பரீட்சை ஜூன் முடிவில். இடையில் ஒரு படி தவறினால் வரிசையிலிருந்து கழற்றிவிடுவார்களாம்.

எல்லாருக்கும் ஸலாம் சொல்லுங்கள்.

இப்படிக்கு, உங்கள் தங்கச்சி
முஸ்பிறா


2025 ஜனவரி 18

அன்புத் தங்கச்சி முஸ்பிறாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இங்கு எல்லாரும் சுகம். உம்மாவின் முழங்கால் அப்படியேதான். ஆனால் உன்னைப் பற்றி யாரும் விசாரித்தால் நோவு மறந்து எழும்பி நின்று பதில் சொல்கிறார்.

உன் கிழமைக் கணக்கைப் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோய்க் கொம்பியூட்டரில் கோர்த்தேன். கலியாணக் காட் அடித்து மிஞ்சிய மட்டையில், பொன் நிறக் கரை போட்டு ஒரு பிரதி எடுத்து அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். வாப்பா ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆத் தொழுதுவிட்டு வந்து ஒரு கிழமையை வெட்டுகிறார். பள்ளிவாசலடியில் கண்டவர்களுக்கெல்லாம் கணக்கு ஒப்பிக்கிறார் என்று கேள்வி. "அசையாத அறை" என்றால் என்ன என்று யாரோ கேட்க, வாப்பா ஒரு விளக்கம் கொடுத்தாராம். கேட்டவர் நீ குளிரூட்டி அறையில் ஓய்வெடுக்கிறாய் என்று விளங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

போன கிழமை நிந்தவூரிலிருந்து ஒருவர் காட் அடிக்க வந்தார். கலியாணத் திகதி பெப்ரவரி முப்பது. நான் எழுதிக் காட்டினேன், அப்படி ஒரு நாள் இல்லை என்று. வீட்டாரோடு கதைத்துவிட்டு வருகிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காக துஆக் கேட்கிறோம்.

அன்புடன்,
ஸம்றா ராத்தா


2025 பெப்ரவரி 8

அன்பின் ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் சுகமாக இருக்கிறேன். உங்கள் கடிதத்தை வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் வாசித்துத் தனியே சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

உள்விஷயப் பரீட்சையில் தேறிவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. ஐம்பது கேள்வியில் பிழைத்த இரண்டும் மின்சாரத்தில். நம் வீட்டில் கரண்ட் போனால் நீங்கள் ஒருவர்தான் எந்தச் சுவிச்சைத் தட்ட வேண்டும் என்று சரியாகச் சொல்வீர்கள். உங்களை இங்கே அனுப்பியிருக்கலாம்.

விமானி அறையின் படத்தை முழு அளவில் அச்சடித்து எங்கள் எல்லாருக்கும் தந்திருக்கிறார்கள். அதை அறைச் சுவரில் ஒட்டி, முன்னால் கதிரை போட்டு இருந்து, கடதாசிச் சுவிச்சுகளை ஒழுங்குப்படி தொட்டுப் பழகுகிறேன். சிமியுலேட்டரில் எங்களைச் சோடி சோடியாகப் பிரிப்பார்கள். என்னோடு சேர்த்திருப்பவர் கென்யா நாட்டுக்காரர். சிறிய விமானங்களில் பத்து வருடம் பறந்தவர். எனக்கு அனுபவம் குறைவு என்று ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நல்ல சோடியைத் தந்த இறைவனுக்கு நன்றி சொல்கிறேன்.

வாப்பாவின் வயல் வட்டையில் வேளாண்மை வெட்டுத் தொடங்கிவிட்டதா? விபரம் எழுதுங்கள்.

உங்கள்
முஸ்பிறா


2025 பெப்ரவரி 23

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். எல்லாரும் சுகம். நாளை நீ சிமியுலேட்டரில் ஏறுகிறாய். வாப்பா நேற்றே அலுமாரிக் கதவில் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தார்.

வெட்டு முடிந்தது. மழைக்கு முன்னால் நெல் வீடு வந்தது பெரிய காரியம். வாப்பா நன்றாகக் கறுத்துப்போனார், ஆனால் முகத்தில் சந்தோஷம்.

உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். உன்னிடம் மறைத்துப் பழக்கமில்லை. போன வெள்ளி பக்கத்துத் தெரு ஹாஜறா மாமி தன் உறவில் ஒரு பையனுக்கு உன்னைக் கேட்டு வந்தார். நல்ல மனிசிதான். உம்மாவிடம் உன் படிப்பு, வேலை எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் என் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "காது கேளாதது ஒங்கட குடும்பத்துல வழிவழியா வாறதா?" நான் வாயைப் பார்த்து வாசிப்பேன் என்பது மறந்துவிட்டது போல. வாப்பாவின் தகப்பனோடு பிறந்த பெரிய மாமிக்கும் காது கேளாமல் இருந்ததை உம்மா சொன்னார். ஹாஜறா மாமி தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். பிறகு கதையில்லை.

எனக்குக் கவலையில்லை, என்னைக் கேட்டு வந்தவர்களும் இந்த வாசலோடுதான் திரும்பிப் போனார்கள். ஆனால் வாப்பா அன்று இரண்டு நேரம் சாப்பிடவில்லை.

நோன்பு வருகிறது. விடியுமுன் ஸஹருக்கு வெறும் தேநீரோடு நிறுத்தாதே.

அன்புடன்,
ராத்தா


2025 மார்ச் 8

அன்பின் ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். நோன்பு நன்றாகப் போகிறது. நீங்கள் எல்லாரும் சுகம்தானே.

வேலை கூட. அதனால்தான் எழுதப் பிந்தியது. நோன்பு திறக்க இங்கே ஒரு மாதிரிக் கஞ்சி தருகிறார்கள், நம் கஞ்சியின் வாசம் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும், சும்மாதான். உங்களுக்குக் காது குறையத் தொடங்கிய நேரம், அதை முதலில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஒரேயடியாகப் போனதா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் ஸலாம்.

முஸ்பிறா


2025 மார்ச் 9

முஸ்பிறாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இங்கு சுகம். உன் சுகத்தைத்தான் அறிய வேண்டும்.

பதினைந்து வருடமாக நீ என்னிடம் கேட்காத கேள்வி இது. சும்மா கேட்கிற ஆள் நீ இல்லை.

பதில் சொல்கிறேன். காய்ச்சலில் கிடந்தேன். கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன். உம்மாவின் வாய் அசைந்தது. உம்மா ஏன் சத்தமில்லாமல் கதைக்கிறார் என்று நினைத்தேன். அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாகப் போகவில்லை.

இப்போது என் கேள்வி. அலுமாரிக் கதவின்படி இது ஒன்பதாம் கிழமை. சிமியுலேட்டரில் ஐந்து தடவையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும். உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கஞ்சியைப் பற்றி எழுதியிருக்கிறாய். பிழை பிடிப்பதுதான் எனக்குத் தொழில் என்பதை மறந்துவிட்டாயா?

என்ன நடந்தது என்று எழுது. உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் காட்ட மாட்டேன்.

ராத்தா


2025 மார்ச் 12

அன்பின் ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் தடவை சிமியுலேட்டரில் கென்யாக்காரர் ஓட்டினார். றேடியோவில் கதைப்பது என் வேலை. பயிற்சி தருபவர் ஒரு பெண், கண்டிப்பானவர். பின்னால் இருந்துகொண்டு அவரே விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உள்ளவர் போலக் கட்டளை கொடுப்பார். நாலாயிரம் அடிக்கு இறங்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி சொல்லியிருக்கிறார், அதுவும் கேட்கவில்லை. சோடிக்காரர் முழங்கையில் தட்டிய பிறகுதான் திரும்பினேன். அன்று அப்படி இரண்டு தரம். அடுத்த நாள் மூன்று. அதற்கடுத்த தடவை, கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், இன்னும் மோசம்.

பயிற்சியாளர் சிமியுலேட்டர் பெட்டியை நிறுத்தினார். வெறும் வகுப்பறை ஒன்றுக்குக் கூட்டிப்போய் இருத்தி, கோபமில்லாமல் கேட்டார், உனக்குக் காதில் ஏதும் பிரச்சினையா என்று. நான் சொன்னேன், என் ராத்தாவுக்குக் காது கேளாது என்று. அது ஏன் என் வாயில் வந்தது என்று தெரியாது.

பயிற்சியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். சோடிக்காரருக்கு வேறு ஆளைச் சேர்த்துவிட்டார்கள். கொம்பனி டொக்டர் 24ஆம் திகதி காதைச் சோதிப்பார். நான் சேரும்போது நிரப்பிய படிவத்தில், குடும்பத்தில் யாருக்கும் காது கேளாமை உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. ஓம், சகோதரி, காரணம் தெரியாது என்று உண்மையைத்தான் எழுதியிருந்தேன். டொக்டர் அதை எடுத்து வைத்துக்கொண்டு, காரணத்துக்கு ஏதும் ஆஸ்பத்திரிக் கடதாசி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அதற்காக ஒன்றும் செய்ய வேண்டாம்.

வாப்பாவின் மாமி, நீங்கள், இப்போது நான் என்று மனம் கணக்குப் போடுகிறது. அறையில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு குழாயில் சொட்டும் தண்ணீரைக் கேட்கிறேன். பிறகு மற்றக் காதைப் பொத்துகிறேன். நாள் முழுக்க இதுதான் வேலை.

மறைத்ததற்கு மன்னியுங்கள். உங்களால்தான் எனக்கு வந்தது என்று நினைத்து உடைந்துபோவீர்களோ என்று பயந்தேன்.

முஸ்பிறா


2025 மார்ச் 23

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். பதினொரு நாளாகக் கடிதம் இல்லை. நான் அனுப்பியதை வாசித்த அடையாளம் மட்டும் இருக்கிறது. உம்மாவிடம் கேட்டால், நீங்கள் பிரஸ்ஸில் வேலை கூட என்று காலையிலேயே போய்விடுவதாகச் சொல்கிறார்.

நான் எழுதியது உங்களை நோகடித்துவிட்டதா? அப்படியென்றால் ஏசியாவது ஒரு வரி எழுதுங்கள். நாளைக்குத்தான் சோதனை. துஆச் செய்யுங்கள்.

முஸ்பிறா


2025 மார்ச் 26

என் அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நோகவில்லை. சுகமாக இருக்கிறேன், நாலைந்து நாள் நித்திரை குறைவு. அவ்வளவுதான். கையில் ஒன்றும் இல்லாமல் உனக்கு எழுத மனம் வரவில்லை.

பிரஸ்ஸுக்குப் போகவில்லை. மட்டக்களப்பு பஸ் ஏறினேன், மூன்று தரம். வீட்டில் சொல்லவில்லை.

நான் சிகிச்சை பெற்ற அந்த ஆஸ்பத்திரியில் பழைய பதிவேடுகளுக்கு ஒரு தனி அறை இருக்கிறது. முதல் நாள் வாசலில் இருந்தவர் முகக்கவசம் போட்டிருந்தார். வாய் தெரியாவிட்டால் எனக்கு ஆள் சுவர் மாதிரி. எனக்குக் கேளாது, எழுதித் தாருங்கள் என்று சொன்னேன். என் குரல் எவ்வளவு சத்தமாக வந்ததோ, வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, துண்டில் எழுதினார்: பதிவு இலக்கம் வேண்டும், இல்லாவிட்டால் அனுமதித்த திகதியாவது வேண்டும்.

இரண்டும் என்னிடம் இல்லை. திரும்பி வரும்போது, பாண்டிருப்பில் பஸ் நின்றது. பள்ளிக்கூட வெள்ளை உடுப்போடு சின்னப் பிள்ளைகள் ஏறினார்கள். அப்போதுதான் நினைவு வந்தது. நீ ஐந்தாம் ஆண்டில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தலை பின்னிவிட்டவள் நான். சீப்பு கையிலிருந்து விழுந்தது. அன்றுதான் காய்ச்சல் தொடங்கியது. உன் பெறுபேற்றுத் தாளில் ஆண்டும் மாதமும் இருந்தது. அதைக் கொண்டுபோனேன்.

அந்த மனிதரின் பெயர் றஸாக். நோன்போடு இரண்டு நாள் தேடினார். மூன்றாம் நாள் நான் போனபோது, சட்டையெல்லாம் தூசியாக, கையில் ஒரு கடதாசிக் கட்டோடு வாசலில் நின்றார். சிரித்தார். எனக்காக ஏன் இவ்வளவு சிரமப்பட்டீர்கள் என்று கேட்டேன். அவர் துண்டில் எழுதித் தந்தார்: "என் மகளும் வாய் பார்த்துத்தான் கதை கேட்பா."

முஸ்பிறா, என் கோப்பை நான் திறக்க ஒரு நிமிடம் எடுத்தது. இத்தனை வருடமாக நான் அதைத் தேடாததற்குக் காரணம் உண்டு. குடும்ப வியாதி என்று எழுதியிருந்தால், அதை வாசித்த பிறகு உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? தெரியாமல் இருப்பது நல்லது என்று விட்டுவிட்டேன்.

உள்ளே ஆங்கிலம். றஸாக் என்னைக் காது மூக்குப் பிரிவுக்குக் கூட்டிப் போனார். டொக்டர் மேனுஜா என்று ஒரு இளம் டொக்டர், எல்லாவற்றையும் வாசித்துவிட்டு என் பக்கம் முகத்தை நேராகத் திருப்பி, மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்கு வந்தது மூளைக்காய்ச்சல். அந்தக் கிருமிதான் உட்காதைப் பழுதாக்கினது. இது பரம்பரையில்லை."

வாப்பாவின் மாமியைப் பற்றிக் கேட்டேன். எத்தனை வயதில் கேளாமல் போனது என்று அவர் கேட்டார். அறுபது தாண்டி என்றேன். அது வயதால் வருவது, எல்லார் வீட்டிலும் உண்டு என்றார். பிறகு உன் டொக்டருக்குக் காட்டும்படி ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார். கோப்பின் பக்கங்களையும் அந்தக் கடிதத்தையும் இதோடு படம் பிடித்து அனுப்புகிறேன்.

அன்றைக்கு என் உயிர் தப்பியதே எங்களுக்குப் போதுமாக இருந்தது. காரணம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. காய்ச்சல் ஒரு சாட்டுத்தான், குடும்பத்தில் உள்ளதுதான் வெளியே வந்தது என்று, கேட்காத இடத்தில் ஊர் ஒரு காரணத்தை வைத்துவிட்டது.

அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பாவிடம் கடதாசியைக் கொடுத்து, டொக்டர் சொன்னதைச் சொன்னேன். வாப்பா கடதாசியையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: "அப்ப இது எங்கட ரெத்தத்தால வந்ததில்லயா மகள்?"

"இல்ல வாப்பா" என்றேன்.

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ் என்று உதடு அசைந்தது. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதனால் வேறு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தோள் மட்டும் குலுங்கியது. பதினைந்து வருடமாக அந்த மனிதர் இதைத் தூக்கிக்கொண்டு வட்டைக்கும் வீட்டுக்கும் நடந்திருக்கிறார். நீ அந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டால் நான் பஸ் ஏறியிருக்க மாட்டேன். நீ எனக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுகிறாய். நான்தான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இன்னொன்று. உன் காதில் பழுது இருக்காது என்று என் மனம் சொல்கிறது. பழுதான காது, கை ஓய்வாக இருக்கும்போதும் கேளாது. உனக்குக் குழாய்த் தண்ணீர் கேட்கிறதே.

நான் பிரஸ்ஸில் எப்படிச் சமாளிக்கிறேன் தெரியுமா? காட் அடிக்க வருகிறவர் கேட்பது ஐந்தாறு விஷயம்தான். எத்தனை காட், என்ன மட்டை, எப்போது கிடைக்கும், பொன் எழுத்து உண்டா, பெயரில் பிழை. அவர் வாய் திறக்க முந்தியே அந்த ஐந்தாறையும் நான் மனதில் எடுத்து வைத்துவிடுவேன். உதட்டைப் பார்ப்பது, அதில் எது என்று பொறுக்கி எடுக்கத்தான். ஒன்றும் எடுத்து வைக்காமல் நின்றால் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. உன் றேடியோக்காரர் மட்டும் எந்த நேரத்திலும் எதையும் சொல்வாரா? இறங்குகிற நேரம் இறங்குகிற கதைதானே சொல்வார்? அவர் சொல்லப்போவதை நீ முதலில் எடுத்து வை. இது எனக்குத் தெரிந்த அளவு. சரியா பிழையா என்று நீதான் பார்க்க வேண்டும்.

உம்மா இப்போது எல்லாம் அறிவார். உனக்காக அழுதுவிட்டு, கஞ்சிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டார். எல்லாரும் கோப்பையைக் காலி செய்தோம்.

உன்
ராத்தா


2025 ஏப்ரல் 2

என் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்துகள். இங்கே ஒரு நாள் முந்திப் பெருநாள். உங்கள் கடிதத்தை அன்று காலை தொழுதுவிட்டு வந்து நாலாம் தரம் வாசித்தேன். வாப்பா சுவர்ப் பக்கம் திரும்பிய இடத்துக்கு மேல் ஒவ்வொரு தரமும் நின்றுதான் போக முடிகிறது.

24ஆம் திகதிச் சோதனையில் என் இரண்டு காதும் நன்றாக இருந்தன. ஆனால் டொக்டர் கையெழுத்து வைக்கவில்லை. இள வயதில் ஒரு சகோதரிக்குக் காரணம் தெரியாமல் கேட்கும் சக்தி போயிருக்கிறது, அதனால் விசேட வைத்தியர் பார்க்கும்வரை பொறு என்றார். அதற்கு ஆறு கிழமை ஆகும். அதற்குள் என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் பயிற்சியை முடித்துவிடுவார்கள், நான் கழற்றப்பட்டுவிடுவேன். அந்த நிலையில் கோப்பு வந்தது. டொக்டர் மேனுஜாவின் கடிதத்தை அவர் இரண்டு தரம் வாசித்தார். அன்றே கையெழுத்து வைத்தார். உன் ராத்தா எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டார். நம் பிரஸ்ஸின் பெயரைச் சொன்னேன்.

கண்டிப்பான பயிற்சியாளரிடம் போய், காது சரி, அப்படியானால் எனக்கு ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். கை நிறைய வேலையும் மனம் நிறையப் பயமும் இருந்தால் மூளை முதலில் மூடுவது காதைத்தான் என்றார். நிறையப் பேருக்கு நடக்குமாம். அவர்கள் அதைப் பெரிதாக எடுப்பதில்லை, நீ காது போகிறதோ என்று பயந்தாய், அதனால் இன்னும் மூடியது என்றார்.

நீங்கள் சொன்னபடி தொடங்கிவிட்டேன். சுவரில் உள்ள படத்துக்குப் பக்கத்தில், புறப்படும் நேரம், ஏறும் நேரம், இறங்கும் நேரம் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் கோபுரத்தில் உள்ளவர் என்னென்ன சொல்லலாம் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். பழைய சோடிக்காரர் தன் பரீட்சையை முடித்துவிட்டார். லீவு நாளில் வந்து, எங்கள் விடுதிச் சாப்பாட்டு அறையில் எனக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்துகொண்டு கோபுரக்காரராகக் கட்டளை கொடுக்கிறார். எனக்குக் கை கொடுக்க இப்படி எத்தனை பேர், ராத்தா.

7ஆம் திகதி மறுபடி ஏறுகிறேன். றஸாக் நானாவுக்கு என் ஸலாத்தைச் சொல்ல வழியிருந்தால் சொல்லுங்கள்.

உங்கள்
முஸ்பிறா


2025 மே 6

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். போனில் உம்மாவிடம் இரண்டு வரியில் சொன்னதை உங்களுக்கு முழுக்க எழுத வேண்டும்.

ஏப்ரல் 24 பரீட்சை. விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பும் நேரம் ஒரு இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். விமானம் ஒரு பக்கம் இழுக்க, சோடிக்கு வந்தவர் அதைப் பிடித்து நேராக்கினார். எச்சரிக்கை மணி, சிவப்பு வெளிச்சம், வாசிக்க வேண்டிய பட்டியல் எல்லாம் என் பக்கம். முந்தி இந்த இடத்தில்தான் என் காது மூடும். நான் மனதில் எடுத்து வைத்தேன்: இப்போது கோபுரத்தில் உள்ளவர் மூன்றில் ஒன்றைத்தான் கேட்பார். என்ன பிரச்சினை, எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள், எத்தனை பேர் இருக்கிறீர்கள். மணியோசைக்குள் அவர் குரல் வந்தது. முழுக்கக் கேட்டது. மூன்றாவதைத்தான் கேட்டார். பதில் சொல்லிவிட்டுப் பட்டியலை விட்ட இடத்திலிருந்து வாசித்தேன்.

தேறிவிட்டேன், ராத்தா. 

பயிற்சியாளர் கேட்டார், ஒரு மாதத்தில் என்ன மாற்றினாய் என்று. என் ராத்தா சொல்லித் தந்தார் என்றேன். அவரும் விமானியா என்றார். இல்லை, கலியாணக் காட் அடிக்கிறார், அவருக்குக் கேளாது என்றேன். நீங்கள் சொல்லித் தந்ததை விபரமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, அந்த முறையைப் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பில் சொல்ல உன் ராத்தா அனுமதி தருவாரா என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன்.

மே 3ஆம் திகதி அசல் விமானம். உள்ளே நூற்றெண்பது வெறும் கதிரை. ஆறு தடவை ஏற்றி இறக்கினேன். மூன்றாவதில் ஓடுபாதையில் ஒரு குத்து. பக்கத்தில் இருந்த கப்டன், தன் பல் எல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். ஆறாவது மெதுவாக, பாய் விரித்த மாதிரி இறங்கியது. அந்த நேரம் உங்கள் எல்லாரையும் நினைத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால் நிலம் தொட்ட சில்லைத் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை. நினைத்தது பிறகுதான், நிலத்தில் இறங்கி நெற்றி வைத்து ஸுஜூது செய்யும்போது.

இனிப் பயணிகளோடு. உங்கள் அனுமதிக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள்
முஸ்பிறா


2025 ஆகஸ்ட் 16
விமானத்துக்குள்ளிருந்து

அன்புத் தங்கச்சி முஸ்பிறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் மூவரும் சுகம். நீயும் சுகம் என்று தெரியும், பத்துப் பதினைந்து வரிசைக்கு முன்னால்தான் இருக்கிறாய். இதைப் படம் பிடித்து அனுப்ப வழியில்லை. பணிப்பெண்ணிடம் கொடுத்துவிடப் போகிறேன். முன்னுக்கு விமானம் ஓட்டுகிறது என் தங்கச்சி என்று இப்போதே சொல்லிவிட்டேன். சத்தம் கூடிவிட்டது போல, நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. விமானிகள் வகுப்பில் என் முறையைச் சொல்ல அனுமதி கொடுத்தவள் நான், குனியவில்லை.

போன மாதம் கடைசிப் பரீட்சையிலும் நீ தேறி, எங்களை உம்றா யாத்திரைக்கு அனுப்ப டிக்கட் எடுத்து, அந்தப் பயணத்திலேயே உனக்கு வேலையும் கேட்டு வாங்கியதற்கு வாப்பா உன்னிடம் நேரில் ஒன்றும் சொல்ல மாட்டார். என்னிடமும் சொல்லவில்லை. ஆனால் கல்முனையிலிருந்து கட்டுநாயக்கா வரை வேனில் வாய் மூடவேயில்லை.

எழும்பும்போது உம்மா கண்ணை மூடி தஸ்பீஹ் மணி உருட்டினார். வாப்பா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வட்டை தெரிகிறதா என்று தேடினார். அது கிழக்கே, நாம் போவது மேற்கே என்று சொன்னேன். இருந்தாலும் பார்க்கிறார்.

பிறகு நீ ஒலிபெருக்கியில் கதைத்தாய். எனக்கு எப்படித் தெரியும் என்றால், உம்மாவின் கண் திறந்தது. முதலில் மேலே பார்த்தார், கூரைக்குள் நீ இருப்பது போல. பிறகு தலைத்துணியை இழுத்துச் சரி செய்து நிமிர்ந்து இருந்தார், வீட்டுக்குப் பெரிய ஆள் யாரோ வந்தது போல. நடுவில் நீ தமிழுக்கு மாறினாய் என்று நினைக்கிறேன். அங்கேதான் உம்மாவின் உதடு கோணியது. கடைசியில் பக்கத்தில் இருந்த வாப்பாவின் கையைப் பிடித்தார். எங்களுக்கு முன்னால் உம்மா அப்படிப் பிடித்ததை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

முடிந்ததும், நீ என்ன சொன்னாய் என்று எனக்குச் சொல்ல உம்மா வாயெடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எனக்கு விளங்கிவிட்டது.

இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் வேண்டாம். நீ வேலையைப் பார்.

வஸ்ஸலாம்.
ராத்தா